என் கல்லூரித் திட்டப்பணி முழுவதும் இருக்கும் ஒரே மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதன் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, இப்போதே நிறுவலாமா, முழுப் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

தாராளமாக நிறுவலாம், ஆனால் அந்த மடிக்கணினியில் வேண்டாம். கல்லூரித் திட்டப்பணி முழுவதும் இருக்கும் ஒரே கணினி அதுதான் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள, நீண்டகால ஆதரவு தரும் எல்டிஎஸ் பதிப்பை அப்படியே பீட்டாவுக்கு உயர்த்திவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. உபுண்டுவில் புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்கும் வசதி இல்லை. வட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான்.

நான் தமிழ் நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்பவன். வேலைக்கான கணினியில் எப்போதும் எல்டிஎஸ் மட்டுமே இருக்கும். பீட்டாவுக்கென்று ஒரு பழைய மடிக்கணினியைத் தனியாக வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் முன்பு அதில் பீட்டாவைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எதற்காக இந்த வேலை என்பதைச் சொன்னால் உங்களுக்கும் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

பீட்டா என்றதும் அரைகுறையாக வெந்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் வரவேண்டிய பதிப்புக்குப் பிப்ரவரி இறுதிவாக்கிலேயே புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். பீட்டா கைக்கு வரும்போது மிஞ்சியிருப்பது வழுக்களை, அதாவது நிரலிலுள்ள பிழைகளை, கண்டுபிடித்துத் திருத்தும் வேலைதான். அதனால் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஆனால் எந்த மூலையில் என்ன உடையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

2024-இல் வந்த உபுண்டு 24.04 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பீட்டா ஏப்ரல் 4 அன்று வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளி 11-ஆம் தேதிதான் வந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன், மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசலை ஒளித்துவைத்திருந்தது வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தின் வெளியாகாத பதிப்பான சிட் அவருடைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தவர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் அந்த அரை நொடி என்று விடாமல் தோண்டியதில் பின்வாசல் அகப்பட்டது. உபுண்டு பக்கத்தில், பிப்ரவரி 26-க்குப் பிறகு 24.04-க்காகக் கட்டமைக்கப்பட்ட பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) அனைத்தையும் பாதுகாப்புக்காக நீக்கிவிட்டு மறுபடி கட்டமைத்தார்கள். பீட்டா தள்ளிப்போனது அதனால்தான். முழுப் பதிப்பு மட்டும் சொன்ன தேதியில், ஏப்ரல் 25 அன்று வந்துவிட்டது.

வெளியாகாத பதிப்பை ஓட்டுபவர்கள் இருந்ததால் உலகம் தப்பித்தது என்றே இதைச் சொல்வேன். சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அந்தப் பின்வாசல் நுழைந்த பிறகு தெரிந்திருந்தால் நிலைமையே வேறு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. நிறுவிய சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோக, சில நாள்களிலேயே வினியோகத்தை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட முடிந்தது. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர் இதே பிரச்சினையை முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்கு அதிகம் விழாததால் அந்தக் குறிப்புகள் மற்றவற்றின் அடியில் அமுங்கிப் போயின. வழு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியை அதன் பிறகே சேர்த்தார்கள். பீட்டாவைச் சோதிப்பவர்கள் வழுவைப் பார்த்தால் மட்டும் போதாது. படிப்பவர் உடனே எழுந்து உட்காரும்படி அதை எழுதவும் வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். வைஃபையும் கிராஃபிக்ஸும் உடைந்தால் உலகெங்கும் ஆயிரம் பேர் அன்றைக்கே புகார் எழுதிவிடுவார்கள். தமிழ்99 என்ற தட்டச்சு முறை உடைந்தால் நாம்தான் எழுத வேண்டும். ஆகவே பீட்டாவைத் திறந்ததும் நான் முதலில் தமிழைத்தான் சோதிப்பேன். அ, ம, ம, ஆ என்று விசைகளை அழுத்துவேன். தமிழ்99 முறையில் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ என்று வர வேண்டும். அடுத்து ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’. ‘கொ’வில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய்க் ‘க’ மிஞ்சுகிறதா, முழு எழுத்துமே போகிறதா? இதையே உலாவியிலும் லிப்ரெஆபிஸிலும் முனையத்திலும் கோப்பு மேலாளரின் தேடல் பெட்டியிலும் திரும்பச் செய்வேன். ஓர் இடத்தில் ஒழுங்காக விழும் எழுத்து இன்னோர் இடத்தில் சிதறும். ஒரு முறை, ஒரு லினக்ஸ் வகையின் பீட்டாவில், கோப்புப் பெயரை மாற்றும் பெட்டியில் மட்டும் புள்ளி தனியே பிரிந்து ஒரு புள்ளிவட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது. மற்ற எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவருக்குத்தானே அது கண்ணில் படும்! எழுதிப் போட்டேன். வெளியீட்டுக்கு முன்பே சரிசெய்துவிட்டார்கள். அந்த மகிழ்ச்சிக்காகவே பீட்டாக்களை விடாமல் பார்க்கிறேன்.

புகார் எழுதுவது பெரிய வித்தை இல்லை. முனையத்தில் உபுண்டு-பக் (ubuntu-bug) என்ற கட்டளையுடன் பொதியின் பெயரைக் கொடுத்தால், வேண்டிய பதிவுகளை அதுவே திரட்டி, உபுண்டுவின் வழுக்களைப் பதியும் லாஞ்ச்பேட் தளத்தின் பக்கத்தைத் திறந்துவிடும். எந்த விசையை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. இந்த மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். தமிழ் தெரியாத நிரலாளருக்கு, சரியான எழுத்தின் படத்தையும் தவறான எழுத்தின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இனி உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். ஒரு 16 ஜிபி பென்டிரைவ் வாங்கி, பீட்டாவின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, கோப்பு பழுதின்றி இறங்கியதைக் காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, நிறுவாமல் பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வட்டில் எதுவும் எழுதப்படாது. வைஃபை, ஒலி, புளூடூத், மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து மீள்கிறதா, கல்லூரி புரொஜெக்டரில் படம் தெரிகிறதா, எல்லாவற்றையும் அப்படியே பார்த்துவிடலாம். அணைத்தால் செய்த மாற்றங்கள் போய்விடும், அவ்வளவுதான். சில நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க ஆசையென்றால், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸில் நிறுவுங்கள். வெளியே செருகும் எஸ்எஸ்டி வட்டில் நிறுவப் பலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்யும்போது துவக்க நிரல் உள்வட்டில் கணினி துவங்கப் பயன்படும் இஎஃப்ஐ பகுதியில் போய் எழுதப்பட்டுவிடுவது பலருக்கு நேர்ந்திருக்கிறது. அனுபவம் வரும்வரை அது வேண்டாம்.

திட்டப்பணியைச் சமர்ப்பித்த பிறகும், எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்கு மாற அவசரப்பட வேண்டாம். முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் உபுண்டு தானாக உங்களை அழைக்கும். 24.04-க்கு அந்தத் திருத்தப் பதிப்பே, உயர்த்தும்போது வந்த கடுமையான வழுக்களால், ஆகஸ்ட் 15-இலிருந்து 29-க்குத் தள்ளிப்போனது. அழைப்பு வரும்வரை பொறுத்திருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் போட்ட பீட்டாவை மட்டும் அழிக்க வேண்டியதில்லை. வழக்கமான புதுப்பிப்புகளை வாங்கிக்கொண்டே இருந்தால் வெளியீட்டு நாளில் அதுவே முழுப் பதிப்பாகிவிடும், மறுபடி நிறுவத் தேவையில்லை. அமைப்புகளில் ‘ப்ரொபோஸ்டு’ என்ற களஞ்சியத்தை மட்டும் இயக்கிவிடாதீர்கள். இன்னும் சோதித்து முடிக்காத பொதிகள் வந்து விழும் இடம் அது.