விடுதியில் ஆயுத பூஜை: கிறிஸ்தவ மாணவன் போகலாமா, பிரசாதம் வாங்கலாமா?

பெங்களூரில் முதலாம் ஆண்டு, அறையில் மற்ற மூவரும் இந்துக்கள், ஆயுத பூஜைக்குக் கூப்பிடுகிறார்கள், ஜெபக்குழு அண்ணன் போகக் கூடாது என்கிறார், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மாவட்டத்துப் பையனாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஞாயிறு தவறாமல் கோவில், வீட்டில் இரவு ஜெபம், தெருவில் பாதிப்பேர் நம் சபை. அப்படி வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி பதினெட்டு வயதில்தான் முதன்முதலாக வரும். நானும் நாசரேத் பக்கத்திலிருந்து அப்படித்தான் வந்து இறங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊழியக்காரன் இல்லை. மெக்கானிக்கல் படித்தவன். ‘உலகத்தோடு ஒத்துப்போனவன்’ என்று கீழே எழுதப்போகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

என் அறைத்தோழன் தர்மபுரிக்காரன். சேர்ந்த இரண்டாவது மாதம், “நீ கிறிஸ்டியன்தானே, சிவாஜிநகர் மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ” என்றான். சின்ன வயதில் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அவன் அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாராம். அவ்வளவு தூரம் போக முடியவில்லை, அங்கேயாவது போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வா என்று போனில் சொல்லியிருக்கிறார். எனக்குத் தர்மசங்கடம். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை, எங்களுக்கும் மாதாவுக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். “உங்களுக்குள்ளேயே இத்தனையா?” என்றான்.

கடைசியில் அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். செப்டம்பர் 8, திருவிழா நாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்தே அந்த வட்டாரம் காவி நிறமாகிவிடும். காவிச் சேலை, காவி வேட்டி, இடுப்பில் குழந்தை, கையில் மெழுகுவர்த்திக் கட்டு. பேச்சு முக்கால்வாசி தமிழ். உள்ளே மாதா சேலை கட்டி நிற்கிறார். இவன் செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை தள்ளுமுள்ளிலும் வரிசை மாறாமல் நின்றான். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக, ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவன் மாதிரி. ஒரு சி.எஸ்.ஐ. பையன் முதன்முதலாக மாதா கோயிலுக்குள் நுழைந்தது ஒரு இந்துப் பையன் பின்னால்தான்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கெல்லாம் பட்டை போட்டு, வைஸுக்குப் பொட்டு வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி ஒரே கொண்டாட்டம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சீனியர் அண்ணன், “விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாதே” என்று முந்தின இரவே எச்சரித்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு டெங்கு வந்தபோது நான்கு நாள் ஆஸ்பத்திரியில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் எனக்கு நண்பர்களிடம் ‘வரவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மத்தியானம் அவன் வந்தான். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு பொட்டலம். பொரி, கடலை, தேங்காய்ச் சில், ஒரு துண்டு வெல்லம். “காய்ச்சல் வாய்க்கு நல்லாயிருக்கும், தின்னு” என்று தலைமாட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். நான் அதை அப்படியே எடுத்துப்போய் வராந்தா குப்பைத்தொட்டியில், ஒரு வாழையிலைக்கு அடியில் செருகிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டேன்.

அந்தப் பொட்டலம் கட்டியிருந்தது தினத்தந்தி தாளில். அந்த மாடியில் தமிழ்ப் பேப்பர் வாங்கும் அறை எங்களுடையது ஒன்றுதான். மறுநாள் காலை பிளேடைப் போடப் போனவன் கண்ணில் அது பட்டுவிட்டது. இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டே, “வேணாம்னு சொல்லியிருந்தா நானே தின்னிருப்பேன்ல” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபை ஐயரிடம் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்ச் சொன்னேன். பென்சன் டவுனில் 1910லிருந்து இருக்கிற யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜில் படித்தவர். சிரிக்காமல் பேசுகிற ஆள். 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். விசுவாசியாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, கேள்வி கேட்காதே. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவர் நிமித்தம் சாப்பிடாதே. வாசித்து முடித்ததும், “சரி, குப்பையில் போடு என்று எந்த வசனத்தில் இருக்கிறது, தேடு” என்றார்.

அப்புறம் பி. டி. தேவநந்தன் என்பவரைப் பற்றிச் சொன்னார். சென்னையில் பிறந்தவர், இந்துத் தத்துவத்தில் மாயையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர், ஐயர் படித்த அதே காலேஜில் பாடம் நடத்தியவர். 1957ல் இதே பெங்களூரில் சமயத்தையும் சமுதாயத்தையும் ஆராய ஒரு கிறிஸ்தவ நிறுவனம் தொடங்கி, 1962ல் இறக்கும்வரை அதை நடத்தினார். “அவர் உபநிஷத்து படித்தவர்களோடு உட்கார்ந்து பேசியும் விசுவாசம் கரையவில்லை, நீ பொரிக்குப் பயப்படுகிறாய்” என்றார் ஐயர். கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் ஊர் அசனம், அதாவது சபை விருந்து, ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் கோவில் வளாகத்தில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாக அண்டா அண்டாவாக இறக்குவோம். இந்து, முஸ்லிம் எல்லாரும் வந்து பந்தியில் உட்காருவார்கள், ஜெபம் பண்ணித்தான் பரிமாறுவோம். இது ஏசுவுக்குப் படைத்தது, வேண்டாம் என்று ஒருவரும் இலையை விட்டு எழுந்து போய் நான் பார்த்ததில்லை. நாங்கள் கொடுக்கும்போது அது அன்பு, அவன் கொடுத்தால் விக்கிரகமா?

அதற்காகக் கண்டிப்பாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. இன்னொரு பக்கத்து ஆட்கள் உடனே ‘வெறியன்’ என்று வருவார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: நான் இன்றுவரை தீர்த்தமோ திருநீறோ வாங்குவதில்லை. பூஜையில் நிற்பேன், கும்பிட மாட்டேன், யாரும் கும்பிடு என்று சொன்னதும் இல்லை. இப்போது நிலைமை இன்னும் சிக்கல்தான். 2022ல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்த சமயத்தில், நான்கு பையன்கள் அறையில் பாட்டுப் பாடினாலே எட்டிப்பார்ப்பார்கள் என்று என் சித்தி மகன் சொன்னான். அதனாலேயே கூடப் படிப்பவனுக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெபக்குழுவை விட்டுவிடவும் வேண்டாம். அங்கேயும் போங்கள், அண்ணனிடமும் “போனேன்” என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், அவ்வளவுதானே.

      

சரி, பொரிக்கு வருகிறேன். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ஏன் சாப்பிடவில்லை என்பதையும் அந்த வசனத்தோடு சொன்னேன். முழுக்கப் புரிந்ததா தெரியாது. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பூசணிக்காய் உடைக்கும்வரை நின்றேன். அறைக்கு வந்ததும் தன் பெட்டியைத் திறந்து ஒரு கவரை எடுத்து என் மேல் எறிந்தான். “காலையிலேயே தனியா எடுத்து வச்சிட்டேன், சாமிக்குக் காட்டாதது. தின்னு. கடலை மட்டும் கம்மியா இருக்கும், பசிச்சுது, பொறுக்கித் தின்னுட்டேன்.”