போதகர் அழுதார், பணத்தைப் பற்றிப் பேசவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் சுவிசேஷ சபையின் கமிட்டியில் இருக்கிறேன். சபையில் ஒரு அக்காவின் அறுவை சிகிச்சைக்காக விசேஷ காணிக்கை எடுத்தோம். அதில் பெரும்பகுதி கட்டட வேலைக்குப் போய்விட்டது. கமிட்டியில் கேட்டேன். அடுத்த ஞாயிறே போதகர், 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களை, அதாவது தேவன் தெரிந்துகொண்டவர்களை, தொடாதே' என்ற வசனத்தை வைத்துப் பிரசங்கித்தார்.

பேச்சு பரவியதும் ஒருநாள் மேடையில் அழுதார். "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று அழுதார்கள். நான் மட்டும் எழவில்லை. பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையே! இப்போது, "அவரே மன்னிப்பு கேட்டாச்சு, உனக்கு இன்னும் என்ன வேணும்?" என்கிறார்கள். கணவரும் விட்டுவிடச் சொல்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. என் மனம்தான் கடினப்பட்டுவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. தவறு என்று தெரிந்த ஒன்றைச் சரி என்று சொல்லச் சொல்லி, நேசிக்கிற ஆட்களே நெருக்கும்போது உடம்பு இப்படித்தான் காட்டும்.

அவருடைய அழுகை உண்மையாகவே இருக்கலாம். மாட்டிக்கொண்ட வெட்கத்திலும் அழுகை வரும், செய்ததை நினைத்தும் வரும். வெளியிலிருந்து நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அழுகையை விடுங்கள். அந்த அக்காவை நேரில் போய்ப் பார்த்தாரா? எவ்வளவு பணம் மாறிப்போனது என்று சொன்னாரா? திருப்பித் தர வழி செய்தாரா? பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்பச் செலுத்துகிறேன்" என்றானே!

1988 பிப்ரவரியில் அமெரிக்க டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் கண்ணீரோடு பாவ அறிக்கை செய்தார். ஆனால் அவர் சார்ந்த அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற சபைப் பிரிவு, ஒரு வருடம் பிரசங்கிக்கக் கூடாது என்றபோது அதற்குக் கீழ்ப்படியவில்லை. ஊழிய அங்கீகாரத்தை இழந்தார். அழுவதைவிட, தன்னைப் பற்றிப் பிறர் எடுக்கும் முடிவுக்கு உட்படுவது தலைவர்களுக்கு அவ்வளவு கடினம்.

போதகர் பிரசங்கித்த 'தொடாதே' வசனம் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது, புரிகிறது. சங்கீதம் 105-ஐ 12ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பரதேசிகளாகத் திரிந்த கொஞ்சம் பேரைத் தொடாதீர்கள் என்று ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. பலமில்லாதவர்களைக் காக்க வந்த வார்த்தையைக் கணக்குக் கேட்டவர்மேல் திருப்பியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மூப்பர்மேல், அதாவது சபையை நடத்துகிறவர்மேல், வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்க 1 தீமோத்தேயு 5 இடம் தருகிறது.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். கமிட்டியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்: எவ்வளவு வந்தது, எங்கே போனது, யார் அனுமதித்தது. வெளி ஆடிட்டர் பார்க்கட்டும். அதற்கு முன்னால் அந்த அக்காவிடம் பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாருமே கேட்டதாகத் தெரியவில்லை. போதகரை மன்னித்துக்கொண்டே கணக்கும் கேட்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

ஜெபத்தைக் கொஞ்ச நாள் சபைக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து செய்து பாருங்கள். படபடப்பு குறையாவிட்டால் மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

பதிலே வராவிட்டால் கமிட்டியிலிருந்து விலகலாம். அது விசுவாசத்தை விட்டு விலகுவது ஆகாது. காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள்.