தரவரிசையும் அப்பாவும்

அன்புள்ள ஐயா,

நான் பட்டர்வொர்த்காரி. ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டேன், நல்ல புள்ளிகள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யுபியுவில் எலெக்ட்ரானிக்ஸ் பொறியியலுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முதல் தேர்வாகக் கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போட ஆசை. உலகத் தரவரிசையில் நாட்டிலேயே அதுதான் முன்னால் இருக்கிறது. அப்பா, பினாங்கிலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யுஎஸ்எம், போதும் என்கிறார். பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போனால் வளாகம், வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. மாமாவோ ‘மலாயா கிடைத்தால் யாராவது விடுவார்களா’ என்று ஏற்றி விடுகிறார். கோலாலம்பூரில் நூல் வெளியீடு, நாடகம், இலக்கியக் கூட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது, இங்கே ஒன்றுமில்லை. வீட்டில் தினமும் இதே பேச்சு. எதை முதலில் போடுவது?

பெயர் வேண்டாம்
பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அப்பாவின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தப்புக் கணக்கு. பாலத்தைத் தாண்டினால் வருவது மின்டன் வளாகம். நீ கேட்கிற பொறியியல் அங்கே இல்லை. யுஎஸ்எம்மின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது, தீவிலேயே இல்லை, உன் பக்கத்துப் பெருநிலத்தில், தெற்கே பினாங்கு மாநிலம் முடிந்து பேராக் தொடங்கப்போகிற இடத்தில். பக்கத்து டவுன் என்று பார்த்தால் பாரிட் புந்தார், அது பேராக்கைச் சேர்ந்தது. பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் ஓடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எட்டு மணி வகுப்பு, மாலையில் லேப், ராத்திரி நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட், அதற்கு மேல் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி மறுபடி ஓடுவது என்று நான்கு வருடம் தள்ள முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. விடுதியில்தான் இருக்கப் போகிறாய். ஆக, ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்ற வாதம் இரண்டு பக்கமும் இல்லை. இதை அப்பாவிடம் ஜெயித்த முகத்தோடு சொல்லாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் நிபோங் திபாலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வளாக வாசலைக் காட்டு, அவரே புரிந்துகொள்வார்.

இப்போது உன் கணக்கு. க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசையின் 2025 பட்டியலில் மலாயா 60ஆவது இடம், யுஎஸ்எம் 146ஆவது. மாமா இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். அந்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு உலகம் முழுக்க இருக்கும் கல்வியாளர்களிடம் ‘எந்தப் பல்கலைக்கழகம் நல்லது’ என்று கருத்துக் கேட்டுப் போடுவது. 20 விழுக்காடு, ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதற்கு. எத்தனை மாணவருக்கு ஒரு விரிவுரையாளர் என்பதற்குப் பத்தே விழுக்காடு. சர்க்கியூட் பாடத்தை அந்த விரிவுரையாளர் புரியும்படி நடத்துகிறாரா, லேப்பில் ஒரு ஆசிலாஸ்கோப்பைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், இதையெல்லாம் எந்தப் பட்டியல்காரனும் வந்து பார்ப்பதில்லை. அதிலும் இது மருத்துவம், சட்டம், மொழி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய எண். இரண்டு இடத்துப் பொறியியல் பட்டமும் இங்குள்ள பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பு பெற்றது, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2009இல் மலேசியா சேர்ந்துவிட்டதால் வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

உன் கடிதத்தை நீயே ஒருமுறை படித்துப் பார். மலாயாவில் என்ன பாடம், யார் நடத்துகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. நாடகம் இருக்கிறது, நூல் வெளியீடு இருக்கிறது. உனக்கு வேண்டியது கோலாலம்பூர். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வெளியூர் போய் இருந்து பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. அதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தரவரிசையைத் துணைக்குக் கூப்பிடுகிறாய். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும், அதனால்தான் பேச்சு முடியாமல் தினமும் நீள்கிறது.

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் மலாயாவின் மேல் ஒரு ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த இந்திய ஆய்வியல் துறை அங்கேதான் இருக்கிறது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவர்தான் பெரிய காரணம். மாணவர்களின் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்துகிறது. கடிதத்தில் இவ்வளவு ஆசையோடு எழுதுகிற பெண் அங்கே போனால் பொறியியலோடு வேறு ஏதாவதும் செய்வாள் என்று தோன்றுகிறது. ஆனால் விடுதி முதல் வருடம் கிடைத்தாலும் அப்புறம் புறப்பாடப் புள்ளிகளைப் பார்த்துத்தான். கிடைக்காவிட்டால் கெரிஞ்சியிலோ பந்தாய் டாலாமிலோ அறை எடுத்து, யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்தடியில் டி789 பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகம், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வராது. அந்த வாடகைதான் அப்பாவின் பயம், அது நியாயமான பயம்.

எலெக்ட்ரானிக்ஸை மட்டும் வைத்து என்னைக் கேட்டால் யுஎஸ்எம்மை முதலில் போடுவேன். அங்கே எலெக்ட்ரானிக் தனிப் பட்டமாகவே இருக்கிறது, மலாயாவில் எலெக்ட்ரிக்கல் என்ற பெயரில் படித்து விருப்பப் பாடங்களில் அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். அதைவிட முக்கியம், உன் தொழிலே உன் ஊரில்தான் இருக்கிறது. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் போட்டபோது சுற்றிலும் வயல். இன்றைக்கு அங்கிருந்து பத்து காவான், கூலிம் வரை சிப் கம்பெனிகள்தான். கோலாலம்பூரில் படிக்கிறவர்களும் தொழிற்பயிற்சிக்கு இந்தப் பக்கம் வருகிறார்கள். நீ அங்கே போய்ப் படித்து, பயிற்சிக்கு பட்டர்வொர்த் வீட்டுக்கே திரும்பி வந்து நின்றால் அப்பா சிரிப்பாரே!

இல்லை, எனக்கு ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும் என்றால் மலாயாவைப் போடு, ஆனால் காரணத்தை அப்படியே சொல்லிவிட்டுப் போடு. யுபியு இரண்டு இடத்தையும் கொடுத்து ‘எது வேண்டும்’ என்று கேட்காது, ஒரே ஒரு இடம்தான் தரும், அதனால் வரிசையில் விளையாடாதே. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம், சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்கிறதா பார். அனுப்புவதற்கு முன் இரண்டு துறைகளின் கையேட்டையும் இறக்கி மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி, முதல் ஆண்டு எங்கேயும் கணக்கும் இயற்பியலும்தான். உன் பள்ளி சீனியர்கள் யாராவது இரண்டாம் ஆண்டில் இருந்தால் போன் போடு, நான்காம் ஆண்டுக்காரர்களுக்குப் பழைய கஷ்டம் மறந்திருக்கும். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனுக்கு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே திறந்து வை.