ஆன்லைன் கடைக்கு டிசைன்: கேட்டவையும் சொன்னவையும்

சிறு கடைகளுக்கு லேபிள், லோகோ, இணையதளம் செய்து தருவது என் வேலை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து சேர்ந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரும் தொழிலும் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆரணி, பட்டுப்புடவை: அக்கா, போட்டோவில் பார்த்த கலர் வேறு, கைக்கு வந்த கலர் வேறு என்று புடவையைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

கேமராவுக்குக் காசு போட வேண்டாம். உங்கள் போனே போதும், வெளிச்சத்தில்தான் கோளாறு. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மேலே டியூப்லைட். இரண்டின் நிறமும் வேறு. எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று போனுக்குத் தெரியாது, அதுவே ஒரு கணக்குப் போட்டு அரக்கு நிறத்தை ஆரஞ்சுப் பக்கம் இழுத்துவிடும். அறை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் புடவையை விரியுங்கள். அதன் மேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து முதல் படம். தாள் வெள்ளையாகத் தெரிகிற வரை போனின் ப்ரோ மோடில் ஒயிட் பேலன்ஸைத் திருத்துங்கள். அதே அமைப்பில் மீதிப் படங்களை எடுத்து முடித்துவிடுங்கள். பிறகு ஃபில்டர் எதுவும் போடக் கூடாது. வாங்குபவரின் போன் திரை வேறு கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது நம் கையில் இல்லை.

மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் புடவைக்கு இதுவும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி நிறம் மாறும், ஒற்றைப் படத்தில் அதைப் பிடிக்க முடியாது. மடிப்பைக் கையால் அசைத்துக் காட்டுகிற ஒரு குட்டி வீடியோ கட்டாயம் வேண்டும். நிறத்தை எழுதும்போதும் வெறும் ‘ப்ளூ’, ‘கிரீன்’ என்று விடாதீர்கள். எம்எஸ் ப்ளூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று எழுதினால் படத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் புடவை கட்டுகிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

உடல், கரை, முந்தானை, ரவிக்கைத் துணி, பின்பக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் போடுங்கள். புடவை 5.5 மீட்டரா, ரவிக்கைத் துணி 80 செ.மீ. சேர்ந்து வருகிறதா, ஜரிகை அசல் வெள்ளியா, ‘டெஸ்டட்’ என்கிற மலிவு வகையா என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் வைத்திருந்தால் அந்த லேபிளையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அலங்கார பேனரை விட அது அதிகம் பேசும்.

திண்டுக்கல், மசாலாப் பொடி: போனில் நன்றாகத் தெரிகிற தமிழ், பிரஸ்ஸில் கொடுத்தால் உடைகிறது. ‘கொத்தமல்லி’யில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. அவர்கள் பழைய எழுத்துருவில்தான் அடிப்போம் என்கிறார்கள்.

இது எனக்கு மிகவும் பழகிய தொல்லை. போனில் நீங்கள் தட்டச்சு செய்வது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. பல அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரியான பழைய முறை எழுத்துருக்கள். அதில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள், எழுத்தைச் சேர்க்கும் புத்தி மென்பொருளுக்குத் தேவைப்படாது. யூனிகோடில் அப்படி இல்லை. ‘கொ’ என்பது உள்ளே க, அதற்குப் பின் ஒரு குறி. ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வைத்துக் காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத அல்லது அணைத்து வைத்திருக்கும் மென்பொருளில் எழுத்து உடையும்.

போட்டோஷாப்பில் எழுத்து அமைப்புக்குள் ‘வேர்ல்ட்ரெடி லேஅவுட்’ என்று இருக்கும், பழைய பதிப்புகளில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’. அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்டிசைனில் ‘வேர்ல்ட்ரெடி கம்போசர்’. எதுவும் இல்லையா, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்யுங்கள். வேலை முடிந்ததும் எழுத்தை எல்லாம் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால், அச்சகத்தில் எந்த எழுத்துரு இருந்தாலும் கவலை இல்லை. அனுப்பும் முன் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ இந்த ஐந்தையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். கர்வாக மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, அதனால் திருத்தக் கூடிய கோப்பு ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

எழுத்துரு எது என்று அடுத்துக் கேட்பீர்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் காசு கிடையாது. பெயரைக் கொட்டையாகப் போட வேண்டுமானால் பாலு தம்பி. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு எழுத்துருக் குடும்பம் போதும். ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளி தமிழுக்குப் பத்தாது, மேலே விசிறியும் கீழே சுழியும் வந்து முட்டிக்கொள்ளும். எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது விடுங்கள்.

அதே திண்டுக்கல்காரர்: லேபிள் முழுக்கத் தமிழில் மட்டும் போடலாமா? இடமும் குறைவு.

ஆசை நியாயமானது, ஆனால் சட்டம் விடாது. உணவுப் பொருளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே தமிழும் போடலாம். அதனால் முன்பக்கத்தைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் முழுவதையும் கட்டாய விவரங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண், சேர்மானங்கள் எடை அதிகமானது முதலில் வரும்படி, தேவைப்படும் பொருளுக்கு ஊட்டச்சத்து விவரம், தயாரித்த தேதி, எது வரை பயன்படுத்தலாம், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி. சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் முன்பக்கத்தில்.

நிகர எடையில் பலரும் மாட்டுகிறார்கள். கிராமுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து ‘ஜி’ ஒன்றுதான் குறியீடு. ‘ஜிஎம்எஸ்’ என்று அச்சடித்தால் எடையளவு ஆய்வாளர் வந்து நிற்பார். ஒரு கிராம் என்ன விலை என்கிற அலகு விலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. எம்ஆர்பி, எடை, தயாரிப்பாளர் விவரம் எல்லாம் ஆன்லைன் பக்கத்திலும் தெரிய வேண்டும், பாக்கெட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

கோவை, குழந்தைகள் உடை: பழுப்பு கிராஃப்ட் பவுச்சில் கிளிப்பச்சை லோகோ அடித்தேன். மங்கிப்போய் வந்திருக்கிறது. பிரஸ்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். திரையில் பளிச்சென்று இருக்கும் சில பச்சையும் ஆரஞ்சும் நான்கு மை அச்சில் வரவே வராது. பழுப்புத் தாள் வேறு மையைத் தின்றுவிடும், கீழே ஒரு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் காசு. இல்லையென்றால் கருப்பு ஒரே நிறத்தில் அடித்துவிடுங்கள். கிராஃப்ட் தாளில் கருப்புதான் அழகு என்பது என் கட்சி.

தேனி, ஏலக்காய்: லோகோவுக்கு ஒருவர் 500 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 15,000. என்ன வித்தியாசம் அண்ணா?

(அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை.)

500 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் கேன்வா மாதிரி தளத்தில் இருக்கும் ஓர் இலைப் படமும் கீழே உங்கள் பெயரும். அந்த இலையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், அதை வைத்து ட்ரேட்மார்க் பதிய முடியாது. ஆரம்பத்தில் அதுவே போதும் என்றால் தப்பில்லை, பெயரை மட்டும் நல்ல எழுத்தில் போட்டுக்கொண்டு இலையை விட்டுவிடுங்கள்.

அதிகப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி அல்லது ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்) வடிவக் கோப்பு, கருப்பு-வெள்ளை வடிவம், உரிமையை மாற்றித் தரும் கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடிதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்துவிட்டோம், லோகோ நமதுதான் என்று நினைக்கிறோம். பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் மாற்றித் தராவிட்டால் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே நிற்கும். கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் லோகோவை வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன வட்டத்தில் அடையாளம் தெரியவில்லை என்றால் 15,000 ரூபாய் லோகோவும் வேலைக்காகாது.

உடன்குடி, கருப்பட்டி: ‘உடன்குடி கருப்பட்டி’ என்பதையே பிராண்ட் பெயராகப் பதிய முடியுமா?

முடியாது, பதியவும் கூடாது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது ஊர்க்காரர்களின் பொதுச் சொத்து. நீங்கள் அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டு குறியீட்டை லேபிளில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் உங்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும். ‘தூய’, ‘நாட்டு’, ‘ஒரிஜினல்’ என்று பொருளை வர்ணிக்கும் சொல் எடுபடாது, பதிவாளர் திருப்பிவிடுவார். குடும்பப் பெயர், தோட்டத்தின் பெயர், பாட்டியின் பட்டப்பெயர் என்று வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். ட்ரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், ஒலி ஒத்த பெயர்களையும் பாருங்கள். பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் கருப்பட்டி 30-ஆவதில் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். விண்ணப்பித்தவுடன் ‘டிஎம்’ போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ பதிவு கிடைத்த பிறகு மட்டும்தான், அதற்கு முன் போடுவது குற்றம்.

சென்னை, கைவினை நகைகள்: கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள். ‘இன்னும் 10 நிமிடத்தில் ஆஃபர் முடிகிறது’ என்று ஓடும் கடிகாரம் வைக்கச் சொல்கிறார் டெவலப்பர். வைக்கட்டுமா?

ஆஃபர் நிஜமாகவே முடிகிறதா? பக்கத்தைத் திரும்பத் திறந்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடுமென்றால் அது பொய். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்பு என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதும், கட்டணத்தைக் கடைசியில் காட்டுவதும்கூட அதில் உண்டு.

உங்கள் தளத்தில் நானே வாங்குவதுபோல் போய்ப் பார்த்தேன். 350 ரூபாய்க் கம்மல், கடைசிப் பக்கத்தில் 90 ரூபாய் டெலிவரி என்று வந்து நிற்கிறது. நானும் மூடிவிட்டுத்தான் வந்தேன். விலைக்குப் பக்கத்திலேயே ‘தமிழ்நாட்டுக்குள் டெலிவரி 90’ என்று போடுங்கள், அல்லது விலையில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், வாங்கும் முன்பே கணக்குத் தொடங்கச் சொல்கிறது. எடுத்துவிடுங்கள். ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறது. இனிஷியல் வைத்திருக்கும் ஊரில் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? பெயருக்கு ஒரே கட்டம் போதும். அதற்குப் பதில் ‘அருகில் உள்ள கோயில், பள்ளி, கடை’ என்று அடையாளத்துக்கு ஒரு கட்டம் கொடுத்தால் கூரியர் தம்பி உங்களை வாழ்த்துவார். யுபிஐக்கு கியூஆர் படத்தை மட்டும் காட்டுகிறீர்கள். வாங்குபவர் கையில் இருப்பது அதே போன், அதன் திரையை அதனாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? அழுத்தினால் நேராகப் பணச் செயலி திறக்கும்படி பட்டன் வையுங்கள். டெவலப்பரிடம் ‘யுபிஐ இன்டென்ட்’ என்று சொன்னால் போதும்.

மதுரை, சுங்குடிச் சேலை: மெரூன் பின்னணியில் தங்க நிற எழுத்து. பணக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் அம்மாவால் படிக்க முடியவில்லை.

அம்மா சொல்வது சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. நிறக் குறியீட்டைப் போட்டால் கணக்கிட்டுச் சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. தங்கத்தைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு விலையையும் விவரத்தையும் வெள்ளையில் கருப்பாகப் போடுங்கள்.

கும்பகோணம், காபித்தூள்: தாத்தா ஆரம்பித்த கடை. பாக்கெட்டில் இன்னும் அவர் போட்டோதான். ஆன்லைனில் விற்க நவீனமாக மாற்றலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

நான் அப்பா கட்சி, தம்பி. உங்கள் வாடிக்கையாளர்கள் பெயரைப் படித்தா வாங்குகிறார்கள்? அந்தப் பச்சை பாக்கெட், அந்த மீசைக்காரர். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் கடை கைமாறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். தாத்தாவை எடுக்காதீர்கள், போட்டோவை மட்டும் மாற்றுங்கள். சிறிய அளவில் போட்டோ கருந்திட்டாகிவிடும், கோட்டோவியமாக வரைந்துவிட்டால் சீல் அளவிலும் முகம் தெரியும். கடைப் பலகையில் ஓவியர் கையால் எழுதிய பெயர் இருக்கிறதே, அதை நேராகப் படமெடுத்து அப்படியே டிரேஸ் செய்யச் சொல்லுங்கள். எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகாது. சிக்கரி கலந்த தூளுக்குக் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை எப்படியும் போட்டாக வேண்டும், அதை ஒளிக்காமல் முன்பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். ஆன்லைனில் வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று. சித்தப்பாவும் அதே பெயரில் மாயவரத்தில் கடை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெயரும் தாத்தா முகமும் யாருக்கு, யார் பெயரில் பதிவது, ஆன்லைனில் யார் விற்பது என்பதை உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்குங்கள். அது முடியும் வரை எந்த டிசைனருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான்.