தாத்தாவின் தாத்தா எந்த ஊர்? முன்னோர் தேடல்: வாசகர் கேள்விகள்

என் கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி. பெரம்பூரில் மில் வேலைக்கு வந்தவர் என்பது மட்டும் தெரியும். ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வருகிறது. இதில் எங்கள் முனுசாமியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பெரம்பூர்

இப்போதைக்கு அதில் யாருமே உங்கள் முனுசாமி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளங்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் நாட்டுக்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை. நம்மிடம் இருப்பது இனிஷியல். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இவர் பெயரை முதல் பெயர் கட்டத்திலும், அவருடைய அப்பா பெயரைத் தந்தை பெயர் கட்டத்திலும் போடுங்கள். ஆங்கிலத்தில் அந்தக் கால எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: மூன்சாமி, முனிசாமி, மூனேசாவ்மி. உயிரெழுத்து மாறக்கூடிய இடங்களில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வடிவமும் ஒன்றாகச் சிக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் ஊர் வேண்டும். ஊர் இல்லாத முனுசாமியை எந்தத் தளமும் காட்டித் தராது. ஊரைக் கண்டுபிடிக்க இணையம் வேண்டாம், பீரோ போதும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மில்லின் சர்வீஸ் காகிதம், பழைய கல்யாணப் பத்திரிகை என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பத்திரிகையில் 'இன்ன ஊர் இன்னாரின் பேரனும்' என்ற ஒரு வரி இரண்டு தலைமுறையைக் கொடுத்துவிடும். வீட்டில் அமாவாசைத் தர்ப்பணம் செய்பவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் என 12 பெயர் வரை தேறும்.

இது எதுவும் இல்லையென்றால் குலதெய்வம் எங்கே என்று கேளுங்கள். பட்டணத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆனவர்களும் மொட்டை போட அங்கேதான் போவார்கள். அந்தக் கோவிலில் தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருக்கும் பெரியவரிடம் உங்கள் பங்காளிகள் யார் யார் என்ற கணக்கு இருக்கும்.

ஒரு பொறி: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரே குடும்பத்தில் 'கோ. முனுசாமி' ஐம்பது அறுபது வருட இடைவெளியில் இரண்டு பேர் இருப்பார்கள். வயது எழுதாத காகிதத்தை வைத்து அவசரப்பட்டு யாரோடும் ஒட்டாதீர்கள்.

பாட்டியின் அண்ணன் ஜாதகம் கிடைத்தது. 'சாதாரண வருஷம், மாசி மாதம்' என்று இருக்கிறது. இது எந்த ஆங்கில வருடம்?
– வாசகி, நங்கநல்லூர்

60 வருடச் சுற்றில் பிரபவ முதலாவது. அது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. சாதாரண 44-ஆவது. எனவே 1910 சித்திரை அல்லது 1970 சித்திரை. பாட்டியின் அண்ணன் என்பதால் 1910 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்தது மாசியில். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருடம் மாறியிருக்கும் (தைக்கு முந்தைய மார்கழியின் பின்பாதியும் அப்படித்தான்). ஆகவே உங்கள் விடை 1911 பிப்ரவரி–மார்ச். ஜாதகத்தை வைத்து வருடம் சொல்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

நாளை உறுதிசெய்ய, இணையப் பஞ்சாங்கத்தில் அந்த மாதத்தைத் திறந்து கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் நாளைப் பாருங்கள். ஒரு நாள் தள்ளிப் போனால் பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். நம் கணக்கில் சூரிய உதயம் வரை முந்தைய கிழமைதான். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்தவருக்கு ஜாதகம் திங்கள் என்னும், ஆங்கில நாட்காட்டி செவ்வாய் என்னும்.

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஜாதகமாக இருந்தால் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். அதோடு 825 கூட்டுங்கள். ஆவணி வாக்கில் தொடங்கும் ஆண்டு என்பதால் டிசம்பர் வரையான மாதங்களுக்கு 824. நிலக் காகிதங்களில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை கிடைக்கும். பசலி 1318 என்றால் 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை.

எங்கள் குடும்பத்துக்குச் செங்கல்பட்டுப் பக்கம் நிலம் இருந்ததாம். பத்திரம் எதுவும் கையில் இல்லை. நிலத்தை மீட்பதற்காகக் கேட்கவில்லை, பெயர்கள் மட்டும் வேண்டும்.
– வாசகர், குரோம்பேட்டை

மிகச் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தேவாலயப் பதிவேடு இல்லாத தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்திரப் பதிவுதான் வம்சாவளிப் புத்தகம். 'காலஞ்சென்ற இன்னாரின் மூத்த தாரத்து இரண்டாவது குமாரர்' என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிற அளவுக்கு வேறெந்த ஆவணமும் உறவைத் துல்லியமாகச் சொல்வதில்லை.

முதலில் சர்வே எண் வேண்டும். ஊரில் உறவினர் யாராவது அந்த நிலத்தையோ பக்கத்து நிலத்தையோ காட்டினால், அந்தப் பட்டாதாரரிடம் எண் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் சிட்டா வரும். அதில் உரிமையாளர் பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயரும் உண்டு.

அடுத்து பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே எண்தான்), உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து, தொடக்கத் தேதியைத் தளம் அனுமதிக்கும் மிகப் பழைய தேதியாக வையுங்கள். பல அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வரும் பட்டியலில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'முந்தைய ஆவண எண்' என்றொரு கட்டம் இருக்கும். 1978-இல் பதிவான ஒரு விற்பனை, 1940-களில் எழுதிய பாகப்பிரிவினையின் எண்ணை அங்கே சுட்டலாம். அந்த எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் எழுதிக்கொண்டு நேரில் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யுங்கள். ஒவ்வொரு பத்திரமும் அதற்கு முந்தையதைச் சொல்லும். அப்படியே பின்னோக்கி நடக்க வேண்டியதுதான்.

'பதிவு ஏதும் இல்லை' என்று வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கிராமம் அந்தக் காலத்தில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கும். அல்லது உங்களிடம் உள்ளது 1980-களில் முடிந்த யூ.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புக்குப் பிந்தைய எண்ணாக இருக்கும், பத்திரத்தில் பழைய எண் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கோரிலேஷன் விவரத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அல்லது உட்பிரிவை விட்டுவிட்டுத் தேடியிருப்பீர்கள்.

உயில் வில்லங்கத்தில் வராது. அது தனிப் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றோடு மனுச் செய்தால் நகல் யாருக்கும் கிடைக்கும். இன்னும் பின்னால் போக நினைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம். நிலம் இனாமாக, அதாவது மானியமாக விடப்பட்டதாக இருந்திருந்தால் அங்குள்ள இனாம் பதிவேடுகளைக் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், முதலில் மானியம் பெற்றவர் யார், அப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலாமவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்டு எழுதியது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே பக்கத்தில் 1700-களுக்குப் போய்விடலாம்.

மாநகராட்சித் தளத்தில் அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடினேன், இல்லை. 1948, அம்பத்தூர்.
– வாசகர், கொரட்டூர்

அப்போது அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இல்லை. 2011-இல்தான் சேர்ந்தது. கிராமப் பதிவேடுகளின் பழைய தொகுதிகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று, அந்தக் காலப் பதிவுகளில் பல 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. தேதி, தாய் தகப்பன் பெயர், தெரு ஆகியவற்றை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பிப் போகாதீர்கள். வகுப்பில் சேர்க்க வயதைக் கூட்டியோ குறைத்தோ வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும்.

டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்களைத் தொடர்புகொண்டது. அவர்களுடைய முன்னோர் மதராஸிலிருந்து கப்பலேறியவர். நாங்கள் உறவா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, குன்றத்தூர்

முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதி) ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. அவர்களிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தால் இணையத்தில் உள்ள கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் வரை ஒரே வரியில் கிடைக்கும்.

கிராமப் பெயரை ஆங்கிலமாக வாசிக்காதீர்கள், உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'கூனத்தூர்' என்று எழுத்துக் கூட்டியிருந்தால் குன்றத்தூராக இருக்கலாம், குன்னத்தூராகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்வது தாணாவும் ஜில்லாவும்தான். 'ழ' வரும் ஊர்ப்பெயர்களில் அந்த இடத்தில் 'ல', 'ர', 'ய' மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஜில்லா எல்லைகளும் மாறியவை: 1911-க்கு முன் 'வட ஆற்காடு' என்றால் இன்றைய ஆந்திரத்தின் சித்தூரும் அதில் அடக்கம். 'செங்கல்பட்டு' என்றால் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் சேர்த்தி. சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். பழைய ஆங்கில ஆவணங்களில் அது பல நேரம் தமிழரைக் குறிக்கும், 'ஜென்டூ' தெலுங்கரை.

ஊரும் தகப்பன் பெயரும் பொருந்தினால், அந்த ஊரில் உங்கள் பங்காளி வீடுகளில் 'அக்கரைக்குப் போனவர்' என்று யாரையாவது சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். பெயர் மட்டும் பொருந்துவது உறவாகாது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகள் என்றால் கப்பல் பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கிளம்பியிருக்கும். அந்த ஊர்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

தாத்தா தன் அக்கா மகளைக் கட்டியவர். மென்பொருளில் ஏற்றினால் பாட்டி இரண்டு இடத்தில் வருகிறார்.
– வாசகர், வேளச்சேரி

பாட்டியை இரண்டு தடவை புதிதாக உருவாக்கியிருக்கிறீர்கள். அக்காவின் மகளாக ஒரு முறை, தாத்தாவின் மனைவியாக இன்னொரு முறை. கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் மனைவியைச் சேர்க்கும்போது 'புதிய நபர்' என்பதைத் தொடாமல், ஏற்கெனவே உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். இரட்டையை இப்போதே 'இணை' கட்டளையால் ஒன்றாக்கிவிடலாம். வரைபடம் அச்சிடும்போது அவர் இரண்டு கிளையில் தெரிவது பிழையில்லை. உண்மையிலேயே அவர் இரண்டு கிளையிலும் இருக்கிறார். தனி எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்பாவின் சித்தப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தார் என்பார்கள். பதிவு இருக்குமா?
– வாசகர், பரங்கிமலை

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். உடல் கிடைக்காதவர் பெயரும் நினைவுத் தூணில் இருக்கும். பல பதிவுகளில் 'இன்ன மாவட்டம், இன்ன ஊர், இன்னாரின் மகன்' என்றே எழுதியிருக்கிறது. அதனால் பெயரை விட, ஊர்ப் பெயரைக் கூடுதல் தகவல் கட்டத்தில் போட்டுத் தேடுவது பலன் தரும். ஊரைப் பழைய ஆங்கில வடிவத்தில் கொடுங்கள்.

அம்மா வழி யாழ்ப்பாணம். அங்கே போய்த் தேட வழியில்லை.
– வாசகி, வளசரவாக்கம்

நூலகம் என்ற இலவச எண்ணிம நூலகத்தில் 'நினைவு மலர்' என்று தேடுங்கள். இறந்தவரின் 31-ஆம் நாள் வெளியிடும் சிறு புத்தகங்கள் அவை. பலவற்றின் கடைசிப் பக்கங்களில் வம்சாவளி வரைபடமே இருக்கும். உங்கள் தாத்தாவுக்கு மலர் இல்லாவிட்டாலும் அவருடைய மச்சானுக்கு இருக்கலாம், ஆகவே ஊர்ப்பெயரால் தேடுங்கள்.

உறவினர் ஒருவர் எங்கள் எல்லோருடைய பிறந்த தேதியையும் ஒரு குடும்ப மரத் தளத்தில் ஏற்றிவிட்டார். பரவாயில்லையா?
– வாசகி, அண்ணா நகர்

பரவாயில்லை என்று விடாதீர்கள். பிறந்த தேதியும் அம்மாவின் பெயரும் வங்கிகள் கேட்கும் கேள்விகள். உயிரோடு இருப்பவர்களைத் 'தனிப்பட்டது' என்று மாற்றச் சொல்லுங்கள், அல்லது வருடத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். ஃபேமிலிசர்ச்சில் உயிருள்ளவர் விவரம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறந்தவர்களுடைய பக்கம் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு நாள் காலையில் புதுக் கணவர் முளைத்திருப்பார். ஒரு பிரதியை ஜெட்காம் (குடும்ப மர மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக உங்கள் கணினியிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்தப் பத்திரம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். திருத்தியவரோடு வாதாட அது உதவும்.