கார் ஷெட் தரையில் ஆயில் கறை: ஆசிட் ஊற்றலாமா?

சிமெண்ட் தரையில் சொட்டிய இன்ஜின் ஆயிலை ஆசிட் விட்டுக் கழுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது எண்ணெயைக் கரைக்காது, சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைத்தான் தின்னும். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு கிளம்புகிறது என்று நினைப்போம். உண்மையில் கிளம்புவது தரை! மேல்பூச்சு போய்ச் சொரசொரப்பானால், அடுத்து சொட்டும் ஆயில் இன்னும் ஆழமாக இறங்கும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடா போன்ற காரம்தான் சரி. கறை புதிது என்றால் முதலில் மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் பரவிவிடும். பிறகு அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட். கறைமேல் ஊற்றி, கால் மணி நேரம் ஊறியதும் பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை ஆகும். லேசான நிழல் மிஞ்சினால் விட்டுவிடலாம். சீக்கிரம் போகட்டும் என்று காஸ்டிக் சோடாவுக்குத் தாவாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.

ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஷட்டர் மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் விட்டுத் துடைப்பதும் அப்படித்தான், சுவிட்ச் பொறி ஒன்று போதும் தீப்பிடிக்க.

ஆயில் ஊறிய மரத்தூளைக் குப்பையில் தனியாகக் கட்டிப் போடுங்கள். கழுவிய தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.