கேலக்ஸிஸ்பேஸை 'சீனாவின் ஸ்டார்லிங்க்' என்று சொல்லலாமா?

இப்போதைக்குச் சொல்ல முடியாது. செயற்கைக்கோள்கள் வழியே இணையம் தரும் அமெரிக்காவின் ஸ்டார்லிங்க்குக்கு, அதை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ராக்கெட் இருக்கிறது, பெய்ஜிங்கில் 2018-ல் சூ மிங் தொடங்கிய, செயற்கைக்கோள் செய்யும் தனியார் நிறுவனமான கேலக்ஸிஸ்பேஸுக்கு அது இல்லை.

முதல் செயற்கைக்கோள் 2020 ஜனவரியில் குவைசோ-1ஏ ராக்கெட்டில் போனது, 2022 மார்ச்சில் இன்னும் ஆறு. ஆனால் கவனிக்க வேண்டியது 2023 ஜூலையில் ஏவிய லிங்சி-03தான். உடம்பே தட்டையான பலகை, சூரியத் தகடும் மடித்து வைக்கிற மெல்லிய வகை, அதனால் தட்டுகளை அடுக்குவது போல ஒரே ராக்கெட்டில் பலவற்றை அடுக்கி அனுப்பலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், ஆனால் சிக்னல் மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகிவிடும். சில நூறு கி.மீ. உயரத்தில் தாமதம் ரொம்பக் குறைவு, அப்புறம் சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் நம் தலைக்கு மேல் கடந்து போய்விடும், இணைப்பு அறுபடாமல் இருக்க நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். மலிவாகச் செய்யத் தெரியாதவர்களால் இதில் நிற்கவே முடியாது.

சீன அரசின் செயற்கைக்கோள் இணையத் திட்டமான குவோவாங்கே கிட்டத்தட்ட 13,000 செயற்கைக்கோள்களுக்குப் பதிவு செய்திருக்கிறது. என் கணிப்பில், அப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் செயற்கைக்கோள் செய்து கொடுப்பதில்தான் கேலக்ஸிஸ்பேஸின் எதிர்காலம் இருக்கிறது.